பீடிக்கும் கிருமிக்கும் நடுவே

"அவர் பீடி, சிகரெட் குடிப்பாரா?"

1990களின் பிற்பாதியில் சென்னைத் தெருக்களிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் பல்லாயிரம் வீட்டு வாசல்களில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கேட்கப்பட்டது இறந்துபோன ஓர் ஆணைப் பற்றி. கேட்டவர்கள் மருத்துவர்கள் அல்ல, அதற்கென்று பயிற்சி பெற்ற பட்டதாரிகள். பதில் சொன்னவர்கள் வீட்டில் எஞ்சியவர்கள். குடித்தாரா, எந்த வயதில் தொடங்கினார், நாளுக்கு எத்தனை, எப்போது விட்டார் என்று விசாரித்தார்கள். கூடவே கடைசி நாட்களின் கதையையும் கேட்டார்கள்: இருமல் எத்தனை மாதம் இருந்தது, சளியில் ரத்தம் வந்ததா, உடம்பு இளைத்ததா, நெஞ்சு வலித்ததா. சொன்னதையெல்லாம் தமிழிலேயே அரைப் பக்கம் எழுதிக்கொண்டார்கள். பிறகு மருத்துவர்கள் அந்த அரைப் பக்கத்தைப் படித்து, மனிதர் எதனால் இறந்திருப்பார் என்று முடிவு செய்தார்கள்.

இதற்கு வாய்மொழிப் பிணஆய்வு என்று பெயர். கேட்பதற்கு ஏதோ கைமருந்து போல இருக்கிறது. ஆனால் இறப்புச் சான்றிதழை மட்டும் நம்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இறப்புகளுக்குப் பதிவேட்டில் உருப்படியான காரணமே இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகு அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. இந்தியா மாதிரி நாட்டில், வீட்டிலேயே இறப்பவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, சாவைப் பற்றிய நம்பகமான தகவல் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம்தான் இருக்கிறது.

நோய்ப்பரவலியலாளர் கஜலட்சுமியும் பிரபாத் ஜா, ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வு 2003 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியானது. விபத்து, கொலை, தற்கொலை நீங்கலாக நோயால் இறந்த ஆண்கள், நகரத்தில் 27,000 பேர், கிராமத்தில் 16,000 பேர். அவர்களோடு ஒப்பிட உயிரோடிருக்கும் ஆண்கள், நகரத்தில் 20,000, கிராமத்தில் 15,000. ஆய்வின் கேள்வி எளியது: இறந்தவர்களிடையே புகைப்பழக்கம், இருப்பவர்களிடையே உள்ளதைவிட எவ்வளவு கூடுதல்?

25 முதல் 69 வயதுக்குள், புகைப்பவர்கள் நோயால் இறக்கும் வீதம் புகைக்காதவர்களைப் போல் இரண்டு மடங்கு. இது ஓரளவு எதிர்பார்த்ததுதான். புற்றுநோய் இருமடங்கு, இதய, ரத்தக்குழாய் நோய்கள் 1.8 மடங்கு. இவையும் எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது காசநோய்: நகரத்தில் 4.5 மடங்கு, கிராமத்தில் 4.2 மடங்கு. புகையால் நேர்ந்த இறப்புகளின் வரிசையில் நுரையீரல் புற்றுநோய் முன்னால் நிற்கும் என்று நினைத்திருந்த இடத்தில், நம் பாட்டிமார் எலும்புருக்கி என்று சொன்ன பழைய டி.பி. வந்து நின்றது. இந்தியாவில் ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகை ஒரு காரணம் என்று அந்தக் கட்டுரை முடிவு கட்டியது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். காசநோய்க்குக் காரணம் கிருமி அல்லவா? 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் எழுந்து நின்று சொன்னதோடு அந்த வழக்கு முடிந்துவிட்டதே. கிருமி ஒரு காரணம் என்றால் பீடி எப்படி இன்னொரு காரணமாகும்?

வழக்கு முடியவில்லை. காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படுகிறது. மற்ற ஒன்பது பேர் கிருமியைச் சுமந்தபடியே முழு ஆயுளும் வாழ்ந்து, வேறு ஏதாவதால் இறக்கிறார்கள். கிருமி இல்லாமல் காசநோய் இல்லை என்பது உண்மை. கிருமி மட்டும் இருந்தால் காசநோய் வந்தே தீரும் என்பது உண்மையல்ல. அந்தப் பத்தாவது மனிதர் ஏன் அவரானார் என்ற கேள்விக்கு நுண்ணோக்கியிடம் பதில் இல்லை. அங்கேதான் நோய்ப்பரவலியல் தொடங்குகிறது. மூச்சுக்குழாயில் அழுக்கை மேலே தள்ளும் நுண்மயிர்களைப் புகை முடமாக்குகிறது. நுரையீரலின் காற்றுப் பைகளில் காவல் இருந்து கிருமிகளை விழுங்கும் அணுக்களையும் அது சோர்வடையச் செய்கிறது. கிருமியை அடக்கி வைத்திருந்த காவலைப் பீடி தளர்த்துகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

'ஆபத்துக் காரணி' என்ற சொல் இப்படியான காரணங்களுக்காகவே பிறந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 1948இல் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கிய இதயநோய் ஆய்வின் 1961ஆம் ஆண்டுக் கட்டுரை வழியாக அது பரவலானது. அந்த ஆய்வைப் பற்றி நிறையவே எழுதப்பட்டாயிற்று. நமக்கு இங்கே வேண்டியது லண்டன் கதை.

1950இல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளின் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் வேறு நோயாளிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் 27 பேர். ஆய்வைத் தொடங்கியபோது டாலின் சந்தேகம் சாலைகளில் போடும் தாரின் மீதும் வண்டிப் புகையின் மீதும்தான் இருந்தது. எண்கள் வேறு பக்கம் கை காட்டின. அவரே சிகரெட்டை விட்டுவிட்டார். அடுத்து 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, 34,439 ஆண் மருத்துவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு முடிவு 2004இல் வந்தது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள்.

ஹில்லின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் உலகப் போரின்போது அவருக்கே காசநோய் வந்தது. மருத்துவம் படிக்கும் கனவு அதோடு போயிற்று, படுக்கையில் இருந்தபடி அஞ்சல் வழியில் பொருளியல் படித்தார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரிசோதனையை வடிவமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. காசநோயையும் புகையையும் இரண்டு கைகளில் ஏந்தியிருந்த மனிதர் என்றாலும், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருடைய நாட்டில் நழுவிக்கொண்டிருந்தது. நல்ல வீடு, நல்ல சாப்பாடு, பிறகு மருந்து என்று வந்து பிரிட்டனில் காசநோய் வேகமாகக் குறைந்துவிட்டது. மருத்துவர்கள் ஆய்வில் காசநோயால் இறந்தவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் புகையின் நிழல் தெரிந்தது, ஆனால் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

புகைப்பழக்கத்தைப் பற்றி உலகம் கற்ற பாடம் இவ்வாறு நுரையீரல் புற்றுநோயின் மொழியிலேயே எழுதப்பட்டது. திரையரங்கில் படத்துக்கு முன் காட்டும் எச்சரிக்கையிலும் நாம் பார்ப்பது புற்றுநோயைத்தான். சீனாவில் பத்து லட்சம் இறப்புகளை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. அங்கே புகையிலையால் நேர்ந்த இறப்புகளில் 45% நாட்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய் 15% மட்டுமே. தமிழ்நாட்டில் அந்த இடத்தைக் காசநோய் பிடித்துக்கொண்டது. புகை ஒன்றுதான். எந்த மண்ணில் எந்த நோய் ஏற்கெனவே வேரோடியிருக்கிறதோ, அதன் தோளில் ஏறிக்கொண்டு அது கொல்கிறது.

மடங்கு என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புலப்படாது. பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகை தரும் மடங்கு, காசநோய்க்கான நாலரையைவிட மிகப் பெரியது. ஆனால் அரிதான நோயைப் பதினைந்தால் பெருக்கினாலும் வருவது சிறு எண்ணே. எங்கும் பரவிக் கிடக்கும் நோயை நாலரையால் பெருக்கினால் சுடுகாடு நிறையும். ஆபத்துக் காரணியின் கனத்தைத் தீர்மானிப்பது பாதி அந்தக் காரணி, மீதிப் பாதி ஊர்.

இந்த ஆய்வை நம்பலாமா என்று கேட்காமல் விடுவது சரியல்ல. சந்தேகங்கள் பழையவை. 1956இலேயே பர்மிங்காமில் லோவ் என்பவர் காசநோயாளிகளிடையே புகைக்காதவர்கள் குறைவாக இருப்பதைக் கவனித்து எழுதினார். 1961இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு அதன் மீது தண்ணீர் ஊற்றியது: குற்றவாளி சிகரெட் அல்ல, மது. குடிப்பவர்கள் புகைக்கவும் செய்கிறார்கள், நாம் பார்ப்பது மதுவின் வேலையைத்தான் என்றது அது. நம்மூர்ச் சாராயக் கடையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட மாட்டார்கள். ஒன்றின் நிழலில் இன்னொன்று ஒளிந்துகொள்வதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. வறுமையும் அப்படியே ஒளியும்: பீடி குடிப்பவர்கள் ஏழைகள், ஏழைகளுக்கு நெரிசலான வீடு, நெரிசலில் காசநோய்.

இன்னொரு சந்தேகம், இருமி இருமி இறந்த மனிதரைக் காசநோயாளி என்று குறித்திருக்கலாம், உண்மையில் அவருக்கு இருந்தது புகையால் வந்த மூச்சடைப்பு நோயாக இருக்கலாம் என்பது. அரைப் பக்கக் கதையை வைத்து முடிவு செய்யும்போது இந்தப் பிழை நடக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கஜலட்சுமி குழுவினருக்கு இது தெரிந்தே இருந்தது. சென்னையில் உயிரோடிருந்த 2,50,000 ஆண்களிடம் நடத்திய கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே முன்பு காசநோய் வந்ததாகச் சொன்னவர்கள் புகைப்பவர்களிடையே 2.9 மடங்கு. புகை நோயாளியைச் சாகடிப்பதோடு நிற்கவில்லை, உறங்கும் கிருமியையே எழுப்புகிறது என்ற வாதத்துக்கு இது வலுவூட்டியது. ஏற்கெனவே 2002இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் கோலப்பனும் கோபியும், சளிப் பரிசோதனையில் உறுதியான 85 நோயாளிகளை 459 பேரோடு ஒப்பிட்டிருந்தார்கள். அங்கே வாய்மொழிக்கு இடமில்லை. கிடைத்தது இரண்டேகால் மடங்கு. நாளுக்குப் பத்துக்குள் குடிப்பவர்களிலிருந்து இருபதுக்கு மேல் குடிப்பவர்கள் வரை ஆபத்து படிப்படியாக ஏறியது. அளவு கூடக் கூட விளைவும் கூடுவது, ஹில் 1965இல் காரணத்தை அடையாளம் காணச் சொன்ன ஒன்பது கோணங்களில் ஒன்று. ஒன்பதையும் சட்டமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றும் அவரே எச்சரித்திருந்தார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

2008இல் பிரபாத் ஜாவும் கூட்டாளிகளும் 11 லட்சம் வீடுகளில் நடந்த தேசிய ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். இம்முறை வயது, கல்வி, மது மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பிரித்தார்கள். காசநோய் இறப்பு ஆண்களுக்கு 2.3 மடங்கு, பெண்களுக்கு 3 மடங்கு. தமிழ்நாட்டின் நாலரை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இதைத் தோல்வியாக நான் படிக்கவில்லை. வேறு மக்கள், வேறு முறை, வேறு சரிக்கட்டல்கள். நாலரையில் ஒரு பகுதி மதுவுடையதாகவும் வறுமையுடையதாகவும் இருந்திருக்கலாம். அதைக் கழித்த பிறகும் இரண்டுக்கு மேல் மிஞ்சுகிறது என்பதே பெரிய செய்தி. முந்தைய ஆண்டு, 2007இல், உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தனித்தனியே தொகுத்த மூன்று குழுக்களும் அதே இரண்டை ஒட்டியே வந்து சேர்ந்திருந்தன. இனி 'நாலரை' என்று மேடையில் முழங்குபவரைக் கொஞ்சம் நிதானிக்கச் சொல்லலாம். 'எல்லாம் வறுமைதான், பீடி பாவம்' என்பவருக்கு இதைவிடக் கூடுதல் நிதானம் தேவை.

அதே 2008 ஆய்வில் பீடியைப் பற்றிய ஒரு தகவல் அதிகம் பேசப்படவில்லை. நாளுக்கு ஏழு பீடிக்குள் குடிப்பவருக்கும் இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. பீடி சின்னது, உள்ளே இருக்கும் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால்வாசிதான், இலையில் சுருட்டியது, இயற்கையானது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. ஆனால் பீடி இலை காற்றை எளிதில் விடாது. அதனால் அடிக்கடி அணையும், அணையாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். சின்னது என்பதால் மிச்சமானது இழுப்பில் செலவாகிவிடுகிறது.

இனி, 'பாதி' என்ற சொல்லின் கணக்கு. புகைக்காதவர்களில் 10 பேர் இறக்கும் இடத்தில் புகைப்பவர்களில் 45 பேர் இறந்தால், 35 பேர் கூடுதல். அதாவது இறந்த புகைப்பாளிகளில் சுமார் 78 விழுக்காட்டினர், புகைக்காமலிருந்தால் அப்போது இறந்திருக்க மாட்டார்கள். இறந்தவர்கள் எல்லாரும் புகைத்தவர்கள் அல்ல என்பதால் மொத்த இறப்பில் இந்தப் பங்கு குறையும். சென்னையில் 61%, நாடு முழுவதற்கும் சுமார் பாதி. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கும்போது ஒரு தவறு எளிதாக நுழைந்துவிடும். பாதி புகையால் என்றால் மீதிப் பாதிதான் மற்ற எல்லாவற்றுக்கும் பாக்கி என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரே சாவில் கிருமிக்கும் பங்குண்டு, பீடிக்கும் பங்குண்டு, பசிக்கும் பங்குண்டு. மூன்றில் எதை விலக்கியிருந்தாலும் அந்த மனிதர் பிழைத்திருக்கலாம். ஆகவே பங்குகளைக் கூட்டினால் நூறைத் தாண்டும், தாண்டத்தான் வேண்டும். அரசாங்கத் துறைகள் தங்களுக்குள் நோயைப் பாகப்பிரிவினை செய்துகொள்வதைப் போலக் காரணங்கள் செய்துகொள்வதில்லை.

பசியைச் சொன்னேன். அதன் கதையிலும் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1956இல் நிறுவப்பட்ட சென்னைக் காசநோய் மருத்துவ மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு சாராரை சானடோரியத்தில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே விட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். 1959இல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது: ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். சானடோரியங்கள் வழக்கொழிந்ததற்கும், கோடிக்கணக்கானவர்கள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற முடிந்ததற்கும் இந்தச் சோதனைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அது கூடவே ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், சோறு இரண்டாம்பட்சம் என்ற மனநிலை. சோதனை கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடும் நோயாளி குணமாவதற்கு நல்ல உணவு அவசியமா என்பது. நோயே வராமலிருக்க உணவு அவசியமா என்று அது கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அதில் பதில் தேடியவர்களின் பிழைக்குச் சோதனை பொறுப்பல்ல. அந்த இரண்டாம் கேள்வியை ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா குழுவினர் கேட்டு 2023இல் பதிலை வெளியிட்டார்கள். 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 உறவினர்கள். ஒரு சாராருக்கு மாதந்தோறும் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது. தொற்றக்கூடிய வகைக் காசநோய் 48% குறைந்தது. இது வீட்டு வாசலில் நின்று பழைய பழக்கத்தை விசாரித்த ஆய்வு அல்ல. குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனை. மதுவும் வறுமையும் இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. பீடிக்கு இப்படி ஒரு சோதனை நடத்த முடியாது, ஆயிரம் பேரைப் புகைக்கச் சொல்லி எந்த அறநெறிக் குழுவும் அனுமதி தராது. அதனால்தான் புகை விஷயத்தில் 2003க்கும் 2008க்கும் இடையிலான அந்த வித்தியாசங்களோடு நாம் வாழ வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோயைக் கண்டறிந்த அன்றே நோயாளியின் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவர் உடனே மருத்துவமனைப் படுக்கைக்குப் போகிறார். எல்லாம் ஒரு செவிலியர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடியவை. இவற்றில் உடல் எடையே முன்னால் நிற்பது, பார்கவாவின் ஆய்வைப் படித்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. புகைப்பழக்கம் இந்த உடனடி வரிசையில் வராது, வரவும் வேண்டியதில்லை. இந்த வாரம் சாகப்போகிறவரைக் காப்பாற்றும் கேள்வி வேறு, பத்து ஆண்டு கழித்து நோயாளியாகப் போகிறவரைக் காப்பாற்றும் கேள்வி வேறு. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் விஷயத்தில் பீடி மறுபடி வந்து நிற்கிறது. தென்னிந்திய நோயாளிகள் 503 பேரைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வில், சுமார் 12% பேருக்கு நோய் திரும்பியது. புகைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு மூன்று மடங்கு.

2009–10க்கும் 2016–17க்கும் இடையில் இந்திய ஆண்களில் புகைப்பவர்களின் பங்கு 24.3 விழுக்காட்டிலிருந்து 19 ஆகக் குறைந்தது. இந்தச் சரிவின் பலன் புற்றுநோய்க் கணக்கில் தெரிய இன்னும் இருபது, முப்பது ஆண்டு ஆகும். காசநோய்க் கணக்கில் அதற்கு முன்பே தெரிய வேண்டும். அதைக் காண்பதற்கு, சாவுகளைக் காரணத்தோடு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த எண்ணிக்கைக்கான கேள்வி இப்போது வாசலிலிருந்து அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நம்மூரில் ஒருவர் இறந்தால் பதிவு செய்யத் தரும் படிவத்தில், வழக்கமாகப் புகைப்பவராயின் எத்தனை ஆண்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது. புகையிலை மெல்பவராயின், பாக்கு மெல்பவராயின், மது அருந்துபவராயின் எத்தனை ஆண்டு என்று அடுத்தடுத்த கட்டங்கள். பிறப்புப் படிவத்தில் குழந்தையின் எடையை எழுத ஓர் இடம் உண்டு. இறப்புப் படிவத்தில் எடைக்கு இடமில்லை.